அவனவன் பூட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. நலமில்லை, அதனால் அந்த வரி வேண்டாம். உன் நலத்தை அறிய ஆவல் உண்டு. நீதான் இப்போதெல்லாம் மனு போட்ட ஒவ்வொரு தடவையும் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாய். நான் பாதி நாள் லீவு போட்டு, பார்வையாளர் அறை பெஞ்சில் உட்கார்ந்து, மேலே மின்விசிறி பேரிங் தேய்ந்து கத்துவதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். அடுத்த முறை கிரீஸ் கொண்டுவந்து நானே போடலாம் என்றிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அங்கே ஓர் அதிகாரி பிரித்துப் படிப்பார். ஐயா, உங்களுக்கு வணக்கம். தாராளமாகப் படியுங்கள். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளிக்கிற ஆள் உங்களிடம்தான் இருக்கிறான்.

ஐயாவுக்குக் கதை தெரியாது. அவருக்காகச் சொல்கிறேன், நீ தாண்டிப் படி. எங்கள் அப்பா சோப்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். அண்ணன் அங்கேயே எலக்ட்ரீஷியன். அங்கே கலவைத் தொட்டி என்று ஒன்று உண்டு. உள்ளே ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடுகள் சுற்றும். ஒட்டிப்பிடித்த சோப்பைச் சுரண்ட ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் இறங்குவார். அவர் வெளியே வந்து அவரே திறந்தால்தான் இயந்திரம் ஓடும். முதலாளியே வந்தாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. அவனவன் பூட்டு, அவனவன் சாவி. என் லிப்ட் மெக்கானிக் வேலையிலும் முதல் பாடம் இதுதான்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர் தொட்டி சுரண்டுவதில் கெட்டிக்காரர். மறப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். பூட்டைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய்விடுவார். போன் போட்டு அவரைச் சாவியோடு திரும்ப வரவழைக்கும்வரை மொத்த ஷிப்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். "நெட்டைக்கு எதுவும் உச்சந்தலைக்கு ஏற நேரமாகும்யா, தூரம் அதிகம்" என்று அப்பாவே கேலி செய்வார். அன்றும் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பூட்டு தொங்கியது. அப்பா தொட்டி வாயில் நின்று ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. இந்த ஆள் மறுபடியும் மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று, அண்ணனுடைய கருவிப் பெட்டியிலிருந்து பூட்டு வெட்டும் கத்தரியை எடுத்து வெட்டினார். சுவிட்சைப் போட்டார். நெட்டை உள்ளேதான் இருந்தார்.

அலறல் கேட்டு முதலில் ஓடி வந்தவன் அண்ணன். அப்பா கத்தரியோடு மரம் மாதிரி நின்றாராம். அண்ணன் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் வந்து பார்த்தபோது அது இவன் கையில் இருந்தது; வெட்டியது நான்தான் என்றான். வழக்கு அவ்வளவுதான், ஐயா.

இனி உன்னிடம் பேசுகிறேன், அண்ணா.

அம்மாவுக்கு மூட்டு வலி. மற்றபடி எப்போதும்போல. அப்பாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறோம். அதன் வடிகட்டியை நான்தான் கழுவி மாட்டுகிறேன். டாக்டரிடம் நேராகவே கேட்டேன், சரியாகுமா ஆகாதா என்று. சுற்றி வளைக்காமல், ஆகாது என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்திருக்கிறது.

தீர்ப்பு வரும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை; பயந்தார். நீ உள்ளே போனபிறகு அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. ஒருநாள் சட்டை மாற்றிக்கொண்டு, காவல் நிலையத்துக்கு நடந்தே போய், வெட்டியது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் உன்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நீ என்ன சொன்னாய்? "அப்பாவுக்கு என் மேல உசுரு சார். என்னைக் காப்பாத்தணும்னு என்னத்தையாவது சொல்றாரு. வயசாயிடுச்சு" என்றாய். அதோடு மூடிவிட்டார்கள். உனக்கு ஒரு வரி. அவருக்கு அது முகத்தில் அடித்துச் சாத்திய கதவு.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேள். ஊர் முழுக்க அப்பாவைக் கொண்டாடுகிறது. பிள்ளையின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போன தகப்பன்! நம் போதகர் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். "பாவஞ்செய்த பிள்ளைக்காகத் தகப்பன் சிலுவையைத் தேடிப் போகிறார், பாருங்கள்" என்று பீடத்திலிருந்து கை நீட்டிக் காட்டினார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா எழுந்து வெளியே போய், செருப்பு விடும் இடத்தில் வாந்தி எடுத்தார். அன்றையிலிருந்து திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. அப்பம் கொடுக்கும்போது கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார். அதையும் தாழ்மை என்கிறார்கள். ஊர் வாய்க்கு எதைப் போட்டாலும் தின்னும்.

நெட்டையின் மனைவியிடமும் போய்ச் சொன்னார். அந்த அக்கா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து, "வேண்டாம் மாமா. உங்க பிள்ளைய நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். நீங்க எதுக்கு இப்படிக் கரையுறீங்க" என்றாராம். பார்த்தாயா? மன்னிப்பு வந்தே விட்டது. விலாசம் மட்டும் தப்பு. செய்தவர் எதிரே உட்கார்ந்து கையேந்துகிறார், அது அவர் தலைக்கு மேலே பறந்து உன்னிடம் போகிறது. உனக்கு அது எதற்கு? நீ என்ன செய்தாய்?

நீ கடைசியாக என்னைப் பார்க்க வந்த நாளில் கம்பிவலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாய்: "இயேசு எனக்காகச் சுமந்தாருடா. நான் எங்கப்பாவுக்காகச் சுமக்கக் கூடாதா?" வேதத்தில் நீ புலி, நான் வகுப்பில் பின் பெஞ்சு. இப்போது பதில் இருக்கிறது. சிலுவையில் பொய் இல்லை, அண்ணா. விசாரித்த அதிபதியே இவரிடம் ஒரு குற்றமும் இல்லை என்று கை கழுவினான். குற்றமற்றவர் என்று தெரிந்தேதான் அறைந்தார்கள். அதனால்தான் கீழே நின்று பார்த்தவன் மார்பில் அடித்துக்கொண்டு, இது என்னால் வந்தது என்று சொல்ல முடிந்தது. உன்னைக் குற்றவாளி என்று நம்பி உள்ளே வைத்திருக்கிறார்கள். உன்னைப் பார்த்து யார் மனம் திரும்புவார்கள்? திரும்பியவர் ஒரே ஒருவர். அவர் வாயையும் நீ அடைத்துவிட்டாய். அவர் பாவத்தை எடுத்துக்கொண்டாய், சரி. அவருடைய பாவ அறிக்கையை எதற்கு எடுத்தாய்?

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "ஒருத்தன் உள்ள இருக்கான். இன்னொருத்தரையும் நானே அனுப்பணுமா?" என்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கிறார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

உன்னிடம் நான் கேட்பது வழக்கு இல்லை, விடுதலை இல்லை. அந்த அக்காவுக்கு நாலு வரி எழுது. அப்பா சொல்வது உண்மை என்று மட்டும் எழுது. நீ சொன்னால்தான் நம்புவார். அப்பாவுக்கு அதிக நாள் இல்லை. அவர் கையிலிருந்து வாங்கியதை அவர் கையில் திருப்பிக் கொடு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி

*

அண்ணனுக்கு,

உன் பதில் வந்தது. அரைத் தாள். "அப்பாவை நிம்மதியாகப் போகவிடு. அவர் பெயர் கெட வேண்டாம். பொறுமையாக இரு. ஜெபம் பண்ணுகிறேன்" என்கிறாய். நிம்மதி என்கிற சொல்லை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? வந்து பார். மூச்சுக்கு நடுவே ஒரு சொல், சொல்லுக்கு நடுவே ஒரு மூச்சு. அந்தக் கொஞ்ச மூச்சையும் அவர் ஒரே விஷயத்துக்குத்தான் செலவழிக்கிறார்: அவ நம்பினாளா?

எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். லிப்டில் கூண்டு மேலே ஏறும்போது மறுபக்கத்தில் எதிர் எடை கீழே இறங்கும். நீ பாதாளத்துக்கு இறங்கினால் அப்பா மேலே ஏறிவிடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கு சரி. ஆனால் இரண்டையும் கட்டுகிற கயிறு ஒன்று வேண்டும், அண்ணா. அந்தக் கயிற்றை நீயே அறுத்துவிட்டுக் குதித்திருக்கிறாய். நீ கீழே கிடக்கிறாய். அவர் இருந்த இடத்திலேயே நிற்கிறார்.

போதகரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை, பாவம், முகம் வெளுத்துவிட்டது. நான் பீடத்தில் சொன்னதை இனி எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டார். அது உங்கள் பாடு என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், கிறிஸ்துவின் பலி எல்லாப் பாவத்துக்கும் போதுமானது, நீங்கள் அறிக்கை பண்ணிவிட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்பத்தை நீட்டினார். அப்பா தலையை ஆட்டிவிட்டார். "உன் பேர்ல குறை உள்ளவளோட முதல்ல ஒப்புரவாகு, அப்புறமா பீடத்துக்கு வான்னு நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க. அந்தப் பொண்ணு சொல்லட்டும். அப்புறம் வாங்கிக்கறேன்" என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. போதகர் அப்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அக்காவை நான் வீட்டுக்கு அழைத்து வரப்போகிறேன். நீ எழுதமாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பரவாயில்லை. இந்த வீட்டில் பேசாமல் இருப்பது ஒரு பரம்பரைத் தொழில்.

இன்னும் நேரம் இருக்கிறது. எழுது.

தம்பி

*

அன்புள்ள அண்ணா,

தந்தி மாதிரிச் செய்தி உனக்கு வந்திருக்கும். அப்பாவை அடக்கம் செய்துவிட்டோம். உனக்கு அனுமதி கேட்டு ஓடினேன். உத்தரவு வருவதற்குள் குழி மூடியாயிற்று. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன். கோபம் இல்லை. இருந்த கோபம் அவர் மூச்சோடு சேர்ந்து அடங்கிவிட்டது.

அந்த அக்கா வந்தார். மத்தியான வேளை. அம்மா அடுக்களையில் நின்றுகொண்டார், வெளியே வரவில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்பு சொன்னதையே சொல்லத் தொடங்கினார்: "மனச அலட்டிக்காதீங்க மாமா, நான் யார் மேலயும் வருத்தம் வச்சுக்கல."

அப்பா என்னைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அதன் இரைச்சலில் தன் குரல் எடுபடாது என்று. நிறுத்தினேன். அறை சட்டென்று பெரிதானதுபோல் இருந்தது. அப்போது அவர் இதுவரை என்னிடமும், போலீசிடமும், போதகரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"உள்ள இருக்கியாடான்னு கேட்டேம்மா. பதில் வரல. ஆனா சத்தம் வந்துச்சு."

சொல்லிவிட்டு, மோதிர விரலால் கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினார். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

அந்த அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா. இனி எத்தனை லிப்ட் குழியில் தொங்கினாலும் அப்படி ஒரு ஆழத்தைப் பார்க்கமாட்டேன். நெட்டை தொட்டிக்குள் முகமூடி போட்டிருப்பார்; கத்தினாலும் கேட்காது. கூப்பிட்டால் சுரண்டியால் தொட்டிச் சுவரில் இப்படித் தட்டுவாராம். அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டாம். குளியலறையில் இருக்கும்போது பிள்ளை கூப்பிட்டால், வாயைத் திறக்காமல் கதவில் இதே தட்டுதான். இது எந்தச் சாட்சியத்திலும் இல்லை. நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தொட்டியின் வாயில் நின்றவருக்கு மட்டுமே தெரியும்.

"குழாய் சூடு ஆறுற சத்தம்னு நெனச்சேம்மா" என்றார் அப்பா. பிறகு, "நெனச்சேனா, அப்படி நெனச்சுக்கிட்டேனா, அதுதான் எனக்கே தெரியல. ஷிப்ட் நிக்குது. மேல இருந்து போன் மேல போன். உள்ள இருக்கான்னு ஒத்துக்கிட்டா காத்திருக்கணும். எனக்குக் காத்திருக்க மனசில்ல."

நீ அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டது ஒரு கவனக்குறைவு, அண்ணா. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்த ஒரு தப்பு. அதைத்தான் இத்தனை காலமாகச் சுமக்கிறாய். அவருடைய பாவம் அது இல்லை. அது அந்தத் தட்டு. நீ அதைத் தொடவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது. உனக்காகச் சுமந்தவருக்கு என்ன சுமக்கிறோம் என்று தெரிந்திருந்தது. ஒவ்வொன்றும், அதன் அடியில் இருப்பதும். அதனால்தான் அவர் சுமந்தது சுமை. நாம் யாருக்காகவும் அப்படிச் சுமக்க முடியாது. நமக்குத் தெரிவது வெளியே தெரிகிற கத்தரி மட்டும்தான்.

அக்கா எழுந்தார். திட்டவில்லை, அழவில்லை. அப்பா கை நீட்டினார். அவர் பார்த்தார், தொடவில்லை. செருப்பை மாட்டும்போது வாசலில் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் அதில் பங்கு உண்டு: "உங்க அண்ணனுக்குக் குடுத்த மன்னிப்ப திரும்ப எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. அவருக்கு அது தேவையில்ல. உங்கப்பாவுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னொண்ணு இல்ல. என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தாருங்கறதுல எங்கிட்ட பொய் சொன்னதுக்கு, வேணும்னா உங்க அண்ணன் தனியா வந்து கேக்கட்டும்."

உள்ளே வந்தேன். அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன், நம்பிவிட்டார் என்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அவ திரும்ப வருவாளா?" என்றார். வருவார் என்று சொல்லியிருக்கலாம். நானும் நம் வீட்டுப் பிள்ளைதானே, பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. தெரியவில்லை என்றேன். "அதுதான் சரி" என்றார். பிறகு இயந்திரத்தைப் போடச் சொன்னார்.

அக்கா வரவில்லை. போதகர் அப்பத்தோடு தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாளில் விழுங்கும் நிலையும் போய்விட்டது. வாங்காமலே போனார், அண்ணா. போதகர் அடக்க ஆராதனையில் பேச்சு வராமல் நின்றார். ஒருவிதத்தில் அவர் செய்த நல்ல பிரசங்கம் அதுதான். அப்பாவுக்கு அவர் போன இடத்தில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அம்மா மட்டும் இன்றைக்கு முதல்முறையாக என்னிடம் பேசினார். "பெரியவன் சாப்பிட்டானான்னு கேட்டு எழுது" என்றார். சாப்பிட்டாயா?

ஒரு விஷயம் பாக்கி. வக்கீலைப் பார்த்தேன். நெட்டை தட்டிய சத்தத்தைப் பற்றி அப்பா சொன்னதை அந்த அக்கா சாட்சியாகச் சொன்னால், நீ ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வழக்கைத் திறக்க வைக்கலாம் என்கிறார். அக்காவும் சொல்வதாகச் சம்மதித்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் போதும். பேனாவைக் கையில் எடுத்தேன். உனக்கே தெரியும், எனக்குக் காத்திருக்க வராது. பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்கமாட்டேன். ஆனால் பேனாவைப் பிடித்தபோது என் கை அப்பாவின் கைபோலவே இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

நீ மாட்டிய பூட்டு அது. சாவி உன் இடுப்பில் இருக்கிறது. மாட்டியது யாருக்காகவோ, அந்த ஆள் இப்போது இல்லை. இருந்தாலும் நான் வெட்டமாட்டேன்.

பார்வை நாளில் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ வராவிட்டால் அடுத்த முறையும் வருவேன். வெளியே நின்று கூப்பிடுகிறேன், அண்ணா. பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. உள்ளே இருக்கிறாய் என்றால் ஒரு தட்டு தட்டு. எனக்குக் கேட்கும்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் தம்பி